ஓட்டும் செய்தியும்: தெருக்கூட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு குடியிருப்போர் நலச் சங்கமும் கிளை நூலகத்தின் வாசகர் வட்டமும் சேர்ந்து மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேசலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். ஓட்டுப் போடுவது பற்றி மக்களுக்குத் தெரிய வேண்டியது என்ன, எந்தச் செய்தியை நம்புவது, இந்த இரண்டும்தான் பேசுபொருள். முதல் கூட்டத்திலேயே "எந்த டிவியை நம்பலாம்?" என்று யாரோ ஆரம்பிக்க, அது கட்சிச் சண்டையாகி, பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இரண்டாவது கூட்டத்தை எப்படி நடத்துவது? கட்சிக்காரர்களைக் கூப்பிடலாமா?

பள்ளி ஆசிரியனாக இருந்தபோது பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: "எந்த டிவி" என்ற கேள்வியைக் கொஞ்ச காலத்துக்குத் தொடாதீர்கள். தமிழ்நாட்டில் அது கிட்டத்தட்ட "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்பதுதான். கலைஞர் டிவி யாருடையது, நியூஸ் ஜெ யார் பக்கம், மக்கள் தொலைக்காட்சி எந்தக் கட்சியோடு சேர்ந்தது என்று டீக்கடையில் பேப்பர் படிக்கிற எவருக்கும் தெரியும். தெரிந்துதான் பார்க்கிறார்கள். அதனால் சேனலை எடை போடுவதை விட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் எடை போடுங்கள். அதிலும் முதல் சில கூட்டங்களுக்கு, ஓட்டுப் போடும் நடைமுறை பற்றி வருகிற செய்திகளை மட்டும் எடுங்கள். இவற்றுக்கு எழுதி வைத்த விதி இருக்கிறது. எந்தக் கட்சிக்காரரும் அந்த விதியோடு சண்டைக்கு வர மாட்டார். சரிபார்க்கும் பழக்கம் அங்கே படிந்துவிட்டால் அப்புறம் சூடான விஷயங்களுக்குப் போகலாம்.

தொடங்குவதற்கு என்னைக் கேட்டால் ஒரே ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு போதும். 2019 தேர்தலின்போது சுற்றியது, 2024-இலும் சுற்றியது, அடுத்த தேர்தலிலும் நிச்சயம் வரும். அதன் சாரம் இப்படி இருக்கும்: "வாக்குச்சாவடியில் உங்கள் பெயர் பட்டியலில் இல்லையென்றால் கவலை வேண்டாம். ஆதாரையோ வாக்காளர் அட்டையையோ காட்டி, பிரிவு 49ஏ-யின் கீழ் சேலஞ்ச் ஓட்டு கேட்டுப் போடுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் டெண்டர் ஓட்டு கேளுங்கள். ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு பதிவானால் அங்கே மறுவாக்குப்பதிவு நடக்கும். எல்லா குரூப்பிலும் பகிருங்கள்."

இதைச் சுவரில் ஒட்டி, வரி வரியாகப் பேச வையுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

முதல் வரி பொய். பட்டியலில் பெயர் இல்லாதவர் எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டுப் போட முடியாது. 49ஏ என்பது 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்துதல் விதிகளில் வருகிற ஒரு விதி. அது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. பெயர் விட்டுப்போனவர்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சேலஞ்ச் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பவர் வாக்காளர் இல்லை, பூத் ஏஜென்ட். வந்து நிற்பவர் பட்டியலில் உள்ள ஆள்தானா என்று சந்தேகம் வந்தால், 49ஜே விதிப்படி ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். ஆமாம், இரண்டே ரூபாய்தான். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபம் நிற்கவில்லையென்றால் வந்தவர் ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார். ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் போலீசில் ஒப்படைக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வரி உண்மை. இந்த ஃபார்வர்டு இத்தனை வருஷம் உயிரோடு இருப்பதற்கு இந்த ஒரு வரிதான் காரணம் என்று நினைக்கிறேன். விதி 49பி (49P), சினிமாவால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்ட எண். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்ன பிறகு, உங்களுக்கு ஒரு காகித வாக்குச்சீட்டு தருவார்கள். படிவம் 17பி-யில் கையெழுத்து, மறைவிடத்தில் போய் முத்திரை, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தால் தனி உறையில் போய்விடும். இயந்திரத்தில் அது ஏறாது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். பின்னால் தேர்தல் வழக்கு வந்து, நீதிமன்றம் கேட்டால்தான் அதற்கு வேலை. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் டெண்டர் ஓட்டு பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி நூலிழையில் முடிவு நிற்கிற இடத்தில்தான் அந்த உறைக்கு மதிப்பு. அதற்காகக் கேட்காமல் விடக்கூடாது. உங்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு 17பி-யில் ஒரு பதிவாவது மிஞ்சும்.

மூன்றாவது வரி கலப்படமில்லாத கற்பனை. 14 சதவீதம் என்ற எண் எந்தச் சட்டத்திலும் இல்லை. இயந்திரம் பழுது, பூத் கைப்பற்றல், நடைமுறைப் பிழை போன்ற காரணங்களுக்காகத் தேர்தல் ஆணையம்தான் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட முடியும். ஆனால் 14 என்று துல்லியமாக ஒரு எண்ணைப் போட்டவுடன் நம்பத் தோன்றுகிறது பாருங்கள், அதைக் கூட்டத்தில் பேச வையுங்கள். "நிறைய" என்று எழுதியிருந்தால் பாதிப் பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பொய்யும் மெய்யும் இப்படி அடுத்தடுத்த வரியில் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்கள், "இது உண்மையா பொய்யா?" என்று மொத்தமாகக் கேட்பதை விட்டுவிடுவார்கள். "இதில் எந்த வரி உண்மை?" என்று கேட்கத் தொடங்குவார்கள். இந்த ஃபார்வர்டால் வருகிற கெடுதல் சின்னது இல்லை. பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நம்புகிறவர், திருத்த முகாம் நடக்கும்போது பட்டியலைப் பார்க்க மாட்டார். வாக்குப்பதிவு நாளில் வந்து அலுவலரிடம் ஃபோனை நீட்டுவார். வரிசை நிற்கும்.

நோட்டாவுக்கும் இப்படியொரு கதை உண்டு. "நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல், நின்றவர்கள் யாரும் திரும்ப நிற்க முடியாது" என்பார்கள். 2013 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிடைத்த பொத்தான் அது. தமிழ்நாட்டில் அதே டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் வந்தது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா எத்தனை வாங்கினாலும், வேட்பாளர்களில் யார் அதிகம் வாங்கினாரோ அவர்தான் வென்றவர். 2024-இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிவிட, அந்தக் கட்சியே நோட்டாவுக்குப் போடச் சொன்னது. 2,18,674 ஓட்டு விழுந்து நோட்டா இரண்டாம் இடத்துக்கு வந்தது. பாஜக வேட்பாளர் 12 லட்சத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். எதிர்ப்பைப் பதிவு செய்யத்தான் நோட்டா. அது போதும் என்று நினைப்பவர் தாராளமாகப் போடலாம். மறுதேர்தல் வரும் என்று எண்ணிப் போடுபவர் ஏமாந்துதான் போவார்.

அடையாள அட்டை விஷயத்தையும் ஒரு கூட்டத்தில் எடுங்கள், முக்கியமாகப் பெரியவர்களுக்காக. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, போட்டோவுடன் கூடிய ஓய்வூதிய ஆவணம் என்று ஆணையம் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பட்டியல் வெளியிடும். அதில் நம்மூர் ஸ்மார்ட் ரேஷன் கார்டு இருக்காது. வீட்டில் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான். எடுத்துக்கொண்டு ஒரு பாட்டி வந்து நிற்பார். "இதுல என் போட்டோ இருக்கே சாமி, ரேஷன் கடையில செல்லுது, இங்க செல்லாதா?" என்று கேட்பார். "செல்லாதும்மா, ஆதார் கொண்டாங்க" என்று சொல்லி, வெயிலில் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். சிலர் திரும்பி வருவார்கள், சிலர் வர மாட்டார்கள். பூத் ஸ்லிப்பும் அப்படித்தான், அது தகவலுக்குத்தான். அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது.

இனி வாக்காளர் பட்டியல். என் கணிப்பில் இந்த மாதிரிக் கூட்டத்தால் ஆகக்கூடிய பெரிய நன்மை இதுதான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் "97 லட்சம் பேரின் ஓட்டு பறிப்பு" என்று தலைப்புப் போடலாம். இன்னொருவர் "97 லட்சம் போலி வாக்காளர்கள் நீக்கம்" என்று போடலாம். எண் சரி, தலைப்பு இரண்டும் கோணல். அந்த 97 லட்சத்துக்குள் இறந்தவர்கள் இருக்கிறார்கள், வீடு மாறிப் போனவர்கள் இருக்கிறார்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் இருக்கிறார்கள், அலுவலர் போனபோது வீட்டில் ஆள் இல்லாததால் விட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். வரைவு என்றால் அதற்குப் பிறகு கோரிக்கை, ஆட்சேபம், இறுதிப் பட்டியல் எல்லாம் உண்டு. இந்தச் செய்தியை எந்தப் பத்திரிகையில் படித்தாலும் கேட்க வேண்டியவை மூன்று: இது வரைவா இறுதியா? எந்த வகையில் எத்தனை பேர்? இந்த எண்ணை யார் வெளியிட்டது?

மாநிலக் கணக்கைச் சென்னையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் தெருவின் கணக்கு உங்களை விட யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் வாக்காளர் பட்டியலில் ஒரு பாகம் உண்டு. அதன் பட்டியலைத் தேர்தல் துறை இணையதளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்து, தெருவாரியாகச் சத்தமாக வாசியுங்கள். "பதினாலாம் நம்பர் வீடு, அந்த ஐயா போன வருஷமே தவறிட்டாரே" என்று ஒருவர் சொல்வார். "எங்க வீட்டு மருமகப் பொண்ணு பேரு இல்லையே" என்று இன்னொருவர் சொல்வார். புதிதாகச் சேர்க்க படிவம் 6. முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் படிவம் 8. நீக்கச் சொல்லவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் இப்போது தகுதி நாள்கள், அதாவது அன்றைக்கு 18 வயது முடிந்திருந்தால் பெயர் சேர்க்கலாம். 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். தேர்தல் அறிவித்த பிறகும் கொடுக்கலாம், ஆனால் வேட்புமனுவின் கடைசி நாளுக்கு ஒரு பத்து நாள் முன்னதாகவாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். படிவம் 7-ஐ மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்மேல் உள்ள கோபத்தில் பொய்யாக எழுதிக் கொடுத்தால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு செய்தி ஊடகத்துக்கு வாருங்கள். அப்போது கூட்டத்துக்கு ஒரு பழக்கம் வந்திருக்கும்: யார் எதைச் சொன்னாலும் "எங்க பார்த்தீங்க?" என்று கேட்கும் பழக்கம்.

நம்மூரில் பொய் அதிகம் பயணம் செய்வது நியூஸ் கார்டில்தான். தெரிந்த சேனலின் லோகோ, ஒரு தலைவரின் படம், அவர் சொல்லாத ஒரு வாக்கியம். சரிபார்ப்பது ரொம்பச் சுலபம் என்பதால் கூட்டத்திலேயே செய்து காட்டலாம். கார்டில் இருக்கிற தேதியைப் பார்த்து, அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே நாளுக்குப் போங்கள். பல சமயம் அதே படம், அதே நேரம், ஆனால் வேறு வாக்கியத்தோடு அசல் கார்டு அங்கே கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்துருவின் வித்தியாசமே காட்டிக்கொடுக்கும். அசல் கிடைக்கவில்லையா? அந்தத் தலைவர் எங்கே, எந்தக் கூட்டத்தில் பேசினார் என்று கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இடமும் நாளும் இல்லாத மேற்கோளை நான் எடுத்துக்கொள்வதே இல்லை, எனக்குப் பிடித்த மாதிரி இருந்தாலும்.

வீடியோவில் ஏமாறுவது இன்னும் எளிது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பீகார் முழுக்கப் பரவின. தொடர்பில்லாத சம்பவங்களின் வீடியோக்கள் அவை. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. இதில் கவனிக்க வேண்டியது, சமூக ஊடகம் மட்டும் தவறவில்லை. பெரிய இந்தி நாளிதழிலும் அது செய்தியாக வந்து, ஆசிரியர்மேல் வழக்குப் பதிவானது. அச்சில் வந்தது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இப்படிப்பட்ட நேரத்தில் திருப்பூரில் இருக்கிற ஒரு பனியன் கம்பெனி மேஸ்திரிக்கு ஃபோன் போட்டுக் கேட்டவருக்கு உண்மை சீக்கிரம் தெரிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: திருத்தம் வந்தாலே சதி என்று முடிவு கட்டுவது. 2024 ஏப்ரல் 19 அன்று மாலை தமிழ்நாட்டில் 72.09 சதவீத வாக்குப்பதிவு என்று தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். நள்ளிரவில் அது 69.46 ஆனது. கடைசியில் 69.72 என்று முடிந்தது. மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் இறக்கம் பத்துப் புள்ளிக்கும் மேல். மறுநாள் எங்கு பார்த்தாலும் "ஓட்டு எங்கே போனது?" என்ற பேச்சு. முதல் எண், சில வாக்குச்சாவடிகளிலிருந்து செயலியில் வந்ததை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. எல்லா வாக்குச்சாவடிகளின் கணக்கும் வந்து சேர நேரமாகும். மதிப்பீட்டை இரண்டு தசம இடத்தோடு சொன்னால் ஜனங்கள் அதை எண்ணி முடித்த கணக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அந்த வகையில் சந்தேகத்தை வரவழைத்ததில் ஆணையத்துக்கும் பங்கு உண்டு என்பேன். அந்தத் தேர்தலில் சதவீதத்தை மட்டும் சொல்லி, ஓட்டு எண்ணிக்கையைச் சொல்லாமல் இழுத்து, உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகு மே 25 அன்று முதல் ஐந்து கட்டங்களுக்கான எண்ணிக்கையை வெளியிட்டார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி வதந்தி பிறந்தே இருக்காது.

கட்சிச் சேனல்களைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். வேட்பாளர் யார், தலைவர் எங்கே பேசினார், அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதற்கெல்லாம் அவர்களே முதல் ஆதாரம். எதிர்க்கட்சியைப் பற்றி அவர்கள் சொல்வதை இன்னொரு இடத்தில் பார்க்காமல் ஏற்காதீர்கள். தன் கட்சிக்குப் பாதகமான ஒன்றை ஒரு கட்சிச் சேனலே ஒப்புக்கொண்டால், அதைக் கிட்டத்தட்ட அப்படியே நம்பலாம். உண்மை சரிபார்ப்பவர்கள் விஷயத்திலும் என் அளவுகோல் ஒன்றுதான்: "பொய்" என்று முத்திரை மட்டும் குத்துகிறார்களா, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று வழியையும் காட்டுகிறார்களா? அரசே நடத்துகிற சரிபார்ப்பு என்றால், அரசைப் பற்றிய செய்தியில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தன் வழக்கில் தானே நீதிபதியாக முடியாது. ஒன்றிய அரசின் அப்படியொரு பிரிவுக்கு வழிசெய்த விதித் திருத்தத்தை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததையும் சொல்ல வேண்டும். கருத்துக்கணிப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 2024-இல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் வரை என்று சொன்ன நிறுவனம் இருந்தது, வந்தது 293.

கடைசியாக, கட்சிக்காரர்களைக் கூப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மேடைப் பேச்சாளர்களைக் கூப்பிடாதீர்கள், பூத் ஏஜென்ட்களைக் கூப்பிடுங்கள். எல்லாக் கட்சியிலிருந்தும், ஒரே நாளில். தேர்தல் அறிவிக்காத மாதமாகப் பார்த்து வையுங்கள். நடத்தை விதி வந்துவிட்டால் அரசுக் கட்டடமான நூலகத்தில் கட்சிக்காரர்களை உட்கார வைப்பது வம்பு. ஓட்டுப்பதிவு முடிந்ததும் பதிவான மொத்த வாக்குகளின் கணக்கைப் படிவம் 17சி-யில் எழுதி, அங்கே இருக்கிற ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தலைமை அலுவலர் நகல் தர வேண்டும். வரும்போது போன தேர்தலின் அந்த நகலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாக்குச்சாவடி வாரியான முடிவு படிவம் 20 என்ற பெயரில் தேர்தல் துறை இணையதளத்தில் இருக்கும். உங்கள் பூத்தின் பக்கத்தை அச்செடுத்து, ஏஜென்ட்களின் நகல்களோடு பக்கத்தில் வைத்து, மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். சில ஏஜென்ட்களிடம் நகலே இருக்காது, சாயங்காலம் வாங்காமலே வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதுவும் கூட்டத்துக்குத் தெரியட்டும்.